அரசாணிக்காய் கொடுக்கப் போன படம்

எங்கள் செவலைப் பசு கிணற்றில் விழுந்து, ஊரே கூடிக் கயிறு போட்டுத் தூக்கியதற்கு அடுத்த பங்குனியில்தான் கொரோனா வந்து, கேரள எல்லையில் எங்கள் ஊரை ஒட்டிய வேலந்தாவளம் செக்போஸ்டை அடைத்தார்கள். எனக்கு வருஷம் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவனில்லை. பசு விழுந்தது, மழை பொய்த்தது என்று வைத்துத்தான் கணக்கு. அந்தப் பசுவும் லேசுப்பட்டதில்லை. மேலே வந்து நின்றதும், தூக்கியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோளத்தட்டைக் கடிக்கப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு போட்டோக்காரர் வந்திருக்கலாம். வரவில்லை.

செக்போஸ்டை அடைத்ததும் காய்ச் சந்தையும் நின்றுபோனது. புடலையும் வெண்டையும் கொடியிலும் செடியிலுமே முற்றின. அரசாணிக்காய் மட்டும் கெடாது. மஞ்சள் பூசணி என்று மற்ற ஊரில் சொல்வார்களே, அதுதான். காம்போடு அறுத்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வீட்டில் நெல் இருந்தது, பசு கறந்தது. எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

அப்போது பஞ்சாயத்தில் பள்ளிக்கூடத்து முற்றத்தில் அடுப்பு மூட்டி, வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்களுக்கும் ஆதரவில்லாதவர்களுக்கும் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். என் சம்சாரம்தான் சொன்னாள்.

"ஏனுங்க, வண்டிக்காரனும் வரப்போறதில்ல. இந்தக் காயெல்லாம் கட்டலுக்கடியில உருட்டி வெச்சுட்டு நாம எங்க படுக்கறது? கொண்டுபோய் அங்க குடுத்துட்டு வாங்க."

சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண் எங்கள் ஊர் மருமகள்தான். காயை இறக்கி, அதில் இரண்டை அவள் அரிந்து குழம்பில் போட, வேகும்வரை விறகு தள்ளிக் கொடுத்துவிட்டுச் சாக்கை உதறி மடித்தேன்.

"இருங்க மாமா, வெறுஞ்சாக்கையா கொண்டு போவீங்க?" என்று உள்ளே போனாள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒருவர் கூடையிலோ பாத்திரத்திலோ ஒன்று கொண்டுவந்து கொடுத்தால், அதை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தான் தருவார்கள். அவளிடம் சோறுதான் இருந்தது. ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். சோறாயிற்றே என்று தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி படம் பிடித்தார். பாலக்காட்டிலிருந்து வந்த பேப்பர்க்காரர். முகம் வாடிப் போயிருந்தது.

"சாப்டீங்களா தம்பி?" என்றேன்.

"எவிட அச்சா? ஹோட்டல் ஒண்ணும் தொறக்கல. காலைல இருந்து ஓட்டந்தான்."

பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். குழாயடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாங்காய் ஊறுகாயை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்து, கடைசியில் விரலால் வழித்து நக்கினார். என் மகளும் சின்னதில் அப்படித்தான் சாப்பிடுவாள்.

மறுநாள் பால் சொசைட்டிக்காரர் பேப்பரைக் கொண்டுவந்தார். முக்கால் பக்கத்துக்கு என் படம். அடியில் பெரிய எழுத்து. மலையாளம். அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மலையாளத்தில் பஸ் போர்டு வரைக்கும்தான் ஓடும்.

"காய் தானம் பண்ணினதைத்தான் போட்டிருப்பாங்க, வேறென்ன?" என்றார்.

சம்சாரம் சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டினாள். வாசலில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தூரத்திலேயே நிறுத்திக் காட்டினேன். ஒன்றிரண்டு பேர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். வியாதிக்குப் பயந்துதான் அப்படிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கிணத்துக்கடவுக்கு அருகே அவளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை போய்க்கொண்டிருந்த தேங்காய் நார் மில்லையும் அடைத்துவிட்டார்கள்.

"ஏனுங்கப்பா, சோத்துக்குக் கையேந்தற அளவுக்கா ஆயிப்போச்சு?" என்று அழுதாள்.

"நான் காய் குடுக்கப் போனேன் கண்ணு."

"பொய் சொல்லாதீங்க. பேப்பர்ல வந்த உங்க படத்தக் காட்டி, பட்டினில வாடற வெவசாயின்னு டிவில எழுதியே போடறான். தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த பச்சைத் துண்டு எனக்குத் தெரியாதாக்கும்?"

அவள் நம்பாததற்கும் காரணம் உண்டு. முன்பு கிணறு வற்றிய வருஷம் நாங்கள் ஒரு வேளைக் கூழோடு கிடந்துகொண்டு, போனில் அவளிடம் கறிச்சோறு தின்றதாகச் சொல்வோம். ஒருநாள் சொல்லாமல் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட்டோம் என்றால் அவள் நம்புவதேயில்லை.

"நாளைக்குக் காலைல செக்போஸ்டுக்கு வாங்க. ரேஷன் அரிசி இருக்குது, கொண்டாறேன். வராட்டி பள்ளத்து வழியா நானே ஊட்டுக்கு வந்துருவேன்" என்று வைத்துவிட்டாள்.

அது அவள் பிள்ளைகள் இரண்டும் தின்ன வேண்டிய அரிசி. ஒரு படத்தை நம்பி இந்தப் பெண் தன் வீட்டுச் சட்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறாளே என்று எங்களுக்குத் தூக்கமில்லை. ஓடைப் பள்ளத்து வழியாகத் திருட்டுத்தனமாக வந்து போலீஸில் மாட்டினால் குழந்தைகளோடு தனியாக அடைத்துவிடுவார்கள்.

விடிந்ததும் அரசாணிக்காயைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு இருவரும் போனோம். நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் மொபெட்டில் அரிசி மூட்டையோடு மகளும் மாப்பிள்ளையும். அவள்தான் இளைத்திருந்தாள். அங்கிருந்தே அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன புள்ள அப்படிப் பாக்கற? இந்தா, வளையலக் கழட்டு பாப்பம். சோப்புப் போட்டாலும் வராது" என்று சம்சாரம் கையை நீட்டினாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

மகள் சிரிக்கவில்லை. "இந்தக் காய் யாரு தோட்டத்துல கேட்டு வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

 சும்மா ஒரு காயைத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். தைப் பொங்கல் நோன்புக்கு வந்திருந்தபோது என் பேத்தி, பிஞ்சுக் காயில் நகத்தால் ஒரு பூனை கீறிவைத்துவிட்டுப் போயிருந்தாள். காயைக் கெடுக்கிறாய் என்று நான்தான் சத்தம் போட்டேன். அந்தக் கீறல் தழும்பேறிக் காயோடு சேர்ந்து வளர்ந்து, பூனை உருண்டு கொழுத்து, மீசை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக நீண்டிருந்தது.

மகள் அதையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, முகமூடியும் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

"இதென்னங்கப்பா, என்ற மகளாட்டவே இருக்குது" என்றாள்.

போலீஸ்காரர் காய்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்துக் கொடுத்தார். அரிசி மூட்டையை அவிழ்க்காமலே திருப்பினோம். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. "வெறுஞ்சாக்கோடயா போவீங்க?" என்று எங்கள் சாக்கில் ஒரு பிடி அரிசியை அள்ளிப் போட்டாள். அதை அன்றைக்கே பொங்கித் தின்றோம்.

அந்தப் படம் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகு சம்சாரம் கிழிக்கப் போனாள். நான் விடவில்லை. படம் பிடிக்கிறவர் வேறு, ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர் வேறு என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இருக்கும். பசித்து வந்த பிள்ளைக்கு என் முகத்திலும் பசிதான் தெரிந்ததோ என்னவோ.

இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது அந்தத் தம்பியைத் தெரிந்தால் ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர் சாப்பிட்ட குழம்பில் கிடந்தது நான் கொண்டுபோன காய்தான். இந்த வருஷமும் நன்றாகக் காய்த்திருக்கிறது. காமிராவோடு ஒரு பையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.