மேடு பார்த்து நிறுத்துகிறவர்

ராயக்கோட்டை ஷௌகத் அலிக்கு உலகத்தில் இரண்டே வகை இடங்கள்தான். ஒன்று மேடு, இன்னொன்று வீணாய்ப் போன இடம். கல்யாண வீட்டுக்குப் போனால் மனுஷர் கண்ணில் பந்தல் படாது. பந்தலுக்கு முன்னால் ரோடு எந்தப் பக்கம் சரிகிறது என்பதுதான் படும். எல்லாம் அவருடைய பிக்கப் வண்டி செய்த வேலை.

எழுபத்தெட்டில் பெங்களூர்ப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் தலைமுழுகிய வண்டியை இவர் வாங்கினார். அப்போதே அதற்குப் பதினைந்து வயது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தக்காளிப் பெட்டி முப்பது ஏற்றலாம். விற்றவர், "செல்ஃப் எடுக்காது பாய், தள்ளித்தான் எடுக்கணும்" என்று போகிறபோக்கில் சொன்னார். நம்ம ஆள் அதைக் கல்லில் வெட்டின எழுத்தாக எடுத்துக்கொண்டார். சாவியை ஒரே ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். 'டிக்' என்றது. அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒன்பது வருஷம் செல்ஃப் பக்கமே போகவில்லை. மேட்டில் நிறுத்துவார், கிளம்பும்போது பிரேக்கை விடுவார், வண்டி உருளும்போது இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார். அது நாலு தரம் இருமிவிட்டுப் புறப்படும். மலையடி ஊரில் மேட்டுக்கு என்ன பஞ்சம்?

மெக்கானிக் யாராவது, "ஒரு நாளைக்கு விடுங்க பாய், பார்த்துடலாம்" என்றால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "செல்ஃப் போட்டு எடுக்கிறவன் சோம்பேறி. வண்டி குணம் தெரிஞ்சவனுக்கு மேடு போதும்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும், என்னமோ வண்டியைப் பெற்று வளர்த்தவர் மாதிரி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற இடத்திலும் மேடு தேடினால் அதை என்னவென்று சொல்வது?

ஃபகருன்னிசா ஒரே மகள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தாள். இருபது வயதில் கெலமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இவர் வீடு பார்க்கப் போனார், வந்தார், "பையன் பீடி குடிக்கிறான்" என்றார். அடுத்து ஓசூர். அங்கே மாமியார்க்காரிக்கு வாய் நீளமாம். அதற்கடுத்துக் கிருஷ்ணகிரி. மாப்பிள்ளைக்கு ஒரு கண் லேசாக ஒன்றரையாம். பச்சைப் பொய், மூன்றும். மூன்று வீட்டு வாசலும் சமதளம், அதுதான் விஷயம். மகளைக் கொடுத்த வீட்டுக்கு மாதம் ஒரு தரமாவது போகணும். போய்விட்டுக் கிளம்பும்போது சம்பந்தி வீட்டார் பார்க்க வண்டியைத் தள்ளணும். தள்ளுவண்டிக்காரன் மகள் என்று அவளுக்குப் பேர் விழும். இப்படியெல்லாம் அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சோறு போடுகிறவளுக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா? அவர் மனைவி ரோஷன் பீக்கு எல்லாம் தெரியும்.

எண்பத்தேழில், ஃபகருன்னிசாவுக்கு இருபத்துநாலு ஆனபோது, சூளகிரியிலிருந்து நாலாவது சம்பந்தம் வந்தது. பையன் ஜமீர் அகமது, ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். அவன் வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துப் பிடித்துப்போய், அவன் போட்டோவையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் போட்டோ தையல் மிஷின் டிராயருக்குள் போனது, திரும்பி வரவில்லை.

"பொண்ணுக்குப் பிடிச்சிருக்குது," என்றாள் ரோஷன் பீ. "இதையும் ரோட்டைப் பார்த்துத் தட்டிவிட்டீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க வண்டியும் குடும்பம் நடத்துங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் புருஷனும் பொஞ்சாதியும் கிளம்பினார்கள். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் வண்டி வைத்திருக்கிறவர் பஸ்ஸில் போய் இறங்கினால் கௌரவம் என்ன ஆவது? சூளகிரியில் பையன் வீடு ஹைவேயை ஒட்டி இருந்தது. வாசல் கேரம் போர்டு மாதிரி சமதளம். ஷௌகத் அலி யோசித்தார், எஞ்சினை நிறுத்தாமலே இறங்கிவிட்டார்.

பையனின் அப்பா கௌஸ் மொய்தீன் சலாம் சொன்னது இவர் காதில் விழவில்லை. வண்டி வாசலில் நின்று தடதடவென்று கத்திக்கொண்டிருந்தது. "வண்டி ஓடிக்கிட்டிருக்குதே பாய்?" என்றார் அவர். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் இவர். நகை, நிக்காஹ் தேதி, மண்டபம் எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கத்திப் பேசினார்கள். பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஷௌகத் அலி வாசலை எட்டிப் பார்த்தார். வந்த டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் பொறுத்த கௌஸ் மொய்தீன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாய், உட்காரவே மனசில்லாத மாதிரி வந்திருக்கீங்க. எங்க வீடு பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க. நாங்களும் மானம் மரியாதையோட வாழுறவங்கதான்."

உள்ளே பெண்கள் பேச்சு நின்றது. ரோஷன் பீ திரை ஓரமாக வந்து புருஷனைப் பார்த்தாள். ஷௌகத் அலி எழுந்து வாசலுக்குப் போனார். வண்டி ஜன்னல் வழியாகக் கையை விட்டார். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

திரும்பி வந்து, "நிறுத்திட்டா எடுக்காது பாய். தள்ளணும்," என்றார். "உங்க முன்னாடி தள்ள வெட்கமா இருந்துச்சு. அதான் ஓடவிட்டேன். வீடெல்லாம் பிடிச்சுத்தான் இருக்குது."

கௌஸ் மொய்தீன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அதற்குள், அன்றைக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த ஜமீர் அகமது ஸ்பேனரும் கையுமாக வெளியே போய் பானெட்டைத் தூக்கிவிட்டான். 'தொடாதே' என்று கத்த ஷௌகத் அலிக்கு வாய்வரை வந்தது. மாப்பிள்ளையாக வரப்போகிறவனைப் பார்த்து எப்படிக் கத்துவது? விழுங்கிக்கொண்டார்.

"மாமா, எஞ்சின்லேருந்து சேஸிஸுக்கு வர்ற எர்த் ஒயர் கழண்டு தொங்குது," என்றான் அவன் உள்ளிருந்தே. "நட்டை முடுக்கிட்டேன். சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். வண்டி உடனே எடுத்தது. எல்லாரும் மாஷா அல்லா என்றார்கள். அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷம், ஒரு நட்டு.

சம்பந்தம் பேசி முடித்து வீடு திரும்பியதும் ரோஷன் பீ சந்தோஷமாக அடுப்படிக்குப் போனாள். ஷௌகத் அலி தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் மகளிடம் சொன்னார், நட்டு உள்பட. பிறகு, "கெலமங்கலத்துப் பையன் பீடி குடிக்கலம்மா," என்றார்.

"தெரியும் அத்தா. மூணு வீட்டுக்கும் போயிட்டு வந்து நீங்க அம்மாகிட்ட முதல்ல சொன்னது வாசலைப் பத்தித்தான். எனக்குக் காது கேட்கும்ல."

"கோவமாம்மா?"

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"நாலு வருஷம் அத்தா," என்றாள். "அவர் நல்லவரா அமைஞ்சதால நீங்க தப்பிச்சீங்க."