இணுவில் அறையின் நிலம் காய்ந்த கதை

ஒரே ஒரு ஊரிலை ஒரே ஒரு வீடு இருந்ததாம். மாரி வந்தால் அந்த வீட்டு நிலத்துக்கு வேர்க்குமாம். இப்படித் தொடங்கினால்தான் எனக்குக் கதை வரும். வீட்டோடு சேர்த்துப் புது அறை எடுப்பவர்களுக்குக் கொங்கிறீட் நிலம் போடுவது என் தொழில். ஈரம் மேலே ஏறாமல் மறிப்பது அதில் பாதி வேலை. மிச்சப் பாதி, அது காயும்வரை காத்திருப்பது. இதே தொழிலில் கிடந்து உலைகிற சகோதரங்களே, அந்த இரண்டாம் பாதிக்கு ஒருத்தரும் துணைக்கு வருவதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த வீடு இணுவிலில். கனகசபை ஐயா, முன்னாள் பஸ் சாரதி, அதில் தனியே இருந்தார். அவர் மனைவி பரமேஸ்வரி அம்மாவுக்கு முட்டு வருத்தம். பழைய அறையின் ஈரத்தில் மூச்சு இழுத்து இழுத்து, கடைசியில் தொண்டைமானாற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். காய்ந்த நிலம் இருந்தால்தான் திரும்பி வருவாராம். அதற்காகத்தான் புது அறை.

மஞ்சள் தண்ணீர்

மண்ணை இடித்து இறுக்கி, மணல் பரவி, அதன்மேல் தடித்த பொலித்தீனை விரித்தோம். பொருத்துகளை ஒட்டி, ஓரங்களைச் சுவரோடு மேலே மடித்துவிட்டோம். அடுத்தநாள் விடிய, நாங்கள் வர முன்னம், ஐயா தேங்காய் உடைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார். தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் பொலித்தீனிலேயே நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. வடகிழக்குச் சனிமூலையில் கத்தியால் ஒரு கீறு!

மேலே எதுவும் போட முன்னம் நல்லகாலமாய்க் கண்டேன். பெரிய துண்டொன்றை வைத்து ஒட்டிக்கொண்டே, "ஐயா, தண்ணி இறங்கின வழியாலைதான் ஈரமும் ஏறும்" என்றேன், மெல்லமாய். அவர் முகம் சுருங்கிப்போனது.

"பூமாதேவிக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காமல், அவளைப் பையிலை போட்டுக் கட்டிறதே தம்பி?"

வெள்ளைப் பலகை

பொலித்தீனுக்கு மேலே ரெஜிபோம் பலகை அடுக்கினோம். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைச் சாமான்தான்; இது கொஞ்சம் இறுக்கமானது. மண்ணின் குளிர் நிலத்துக்கு ஏறாவிட்டால், ஈரக்காற்று பட்டு நிலம் வேர்ப்பது குறையும். ஐயா இதையெல்லாம் போனில் மனைவிக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"இஞ்சருங்கோ, என்னை உடையிற சாமான் எண்டு நினைச்சோ அதை அடியிலை பரப்பிறியள்?"

ஒட்டின துண்டு

கொங்கிறீட் போட்டதும் மற்ற ஆக்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கொங்கிறீட் வெடிக்காமல் இறுகச் சாக்கு நனைத்துப் போடவும், பிறகு காய்கிறதா என்று பார்க்கவும் நான் மட்டும். திருநெல்வேலியில் என் வாடகை அறையிலும் கதைக்க ஆளில்லை. அதனால் விடிந்தால் இணுவில்.

பார்க்கிற முறை லேசு. கண்ணாடிப் பொலித்தீன் துண்டொன்றை நிலத்தில் சுற்றிவர ஒட்டி, அடுத்தநாள் உரித்துப் பார்க்கவேண்டும்; உள்ளே துளி இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. ஐயாவும் பக்கத்தில் குந்திக்கொள்வார். துளியைக் கண்டால் எழும்பிப் போய் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் துளியே இல்லை. ஆனால் ஓரத்து ஒட்டுநாடா கசங்கிக் கிடந்தது. ஐயாவின் சால்வை நுனியும் நனைந்திருந்தது. புதுத் துண்டு வெட்டினேன்.

"காஞ்சிட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லன் தம்பி, அவள் உன்ரை சொல்லை நம்புவாள்."

நான் சொல்லவில்லை. பிறகு வந்த நாட்களில் அவர் என்னோடு அதிகம் கதைக்கவுமில்லை.

அம்மா வந்த நாள்

ஒரு வழியாய் நிலம் காய்ந்தது. மாபிள் பதித்து முடிந்த கையோடு மழையும் தொடங்கியது. அந்த மழைக்குள்ளேயே அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். ஐயா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

அம்மா உள்ளங்கையை நிலத்தில் வைத்து எடுத்து மணந்து பார்த்தார். பிறகு பாய்கூட விரிக்காமல் அப்படியே படுத்துக் கண்ணை மூடினார். நாங்கள் இருவரும் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றோம். மழைச் சத்தம்தான் கேட்டது.

"உடுப்புப் பையை உள்ளை எடுத்து வையுங்கோவன்" என்றார் கண் திறக்காமலே. ஐயா மழையைப் பாராமல் ஓட்டோவுக்கு ஓடினார். நான் என் மேசன் கரண்டியையும் மட்டப்பலகையையும் பொறுக்கினேன். அம்மா எழும்பி இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வேலை தம்பி, இனி நீ இந்தப் பக்கம் வரத் தேவையே இல்லை."

படலையைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். எங்கள் தொழிலில் திரும்பக் கூப்பிட ஆள் வேண்டுமென்றால், எங்காவது ஒரு நிலத்தைப் பிழையாய்ப் போட்டிருக்க வேண்டும்.