வால்தம்ஸ்டோவின் ஒரே பைதசீ

பேத்தி வீட்டுப்பாடக் கொப்பியோடு வந்து நின்றாள். "அப்பப்பா, வாட் டஸ் ஆவர் சர்நேம் மீன்?" எங்கள் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்கிறாள். அது என் பெயர்தான். மகனின் பெயருக்குப் பின்னால் போட்டது, இந்த நாட்டு வழக்கப்படி பேத்திக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பொருளைச் சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டாள், சர்நேம் என்ற சொல் மட்டும் போகவில்லை. அதைக் கேட்டாலே எனக்குப் புது டெலிபோன் டிரெக்டரியின் மை வாசனை வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் வால்தம்ஸ்டோவில், மிஸ் ஈடித் பைதசீ என்ற கிழவியின் வீட்டு மாடியில் நானும் என்னைப்போலவே அகதியாய் வந்த குணம் அண்ணையும் வாடகைக்கு இருந்தோம். பைதசீ என்றால் கடலருகே என்று பொருளாம். யாரோ ஒரு முப்பாட்டன் கடற்கரையில் குடியிருந்திருக்கிறான். மிஸ்ஸுக்கோ தண்ணீர் என்றாலே பயம். அவருடைய அண்ணன் உலக யுத்தத்தில் செத்துப்போனார். மிஸ் கல்யாணம் கட்டவில்லை. வருடாவருடம் டிரெக்டரி வந்து வாசலில் விழுந்ததும், தேநீருக்குக் கேத்தில் வைக்கும் முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயர் உள்ள பக்கத்தைத் தேடுவார். "இன்னும் நான் ஒருத்திதான்" என்பார். லண்டன் முழுவதற்கும் அந்த ஒரு வரிதான்.

எங்கள் வழக்கம் அவருக்குச் செரிக்கவேயில்லை. அப்பாவின் பெயர் எனக்குப் பின்னால், என் பெயர் என் பிள்ளைக்குப் பின்னால் என்று நான் விளக்கியதும், "அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை பெயரைத் தொலைத்துவிடுவீர்களா?" என்று கேட்டார். "தொலைக்க எங்களிடம் ஒன்றுமில்லை, மிஸ்" என்றேன். ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய எனக்கு அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் அப்பா ஆர்தரைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "என் கடைசிக் காலத்தில் நீ பக்கத்தில் இருந்தால், பெயரை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஒரு மாரிக்காலக் காலையில் மிஸ் படியில் விழுந்தார். அம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். ஆஸ்பத்திரி கவுண்டரில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அகதி மனுவிலிருந்து கவுன்சில், பெனிபிட் என்ற உதவிப்பணம், வேலை என்று நான் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. சர்நேம் கட்டம் வந்தால் தகப்பன் பெயரை எழுதிக் கை பழகியிருந்தது. அன்றைக்கும் கை அதைத்தான் எழுதியது: ஈடித் ஆர்தர். எழுதிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன்.

மூன்றாம் நாள்தான் லீவு கிடைத்து, குணம் அண்ணையோடு போனேன். வார்டு வாசலில் நர்ஸ் பரிதாபப்பட்டாள். "பாவம், நினைவு தப்பிவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை."

கட்டிலின் தலைமாட்டு அட்டையைக் குணம் அண்ணைதான் முதலில் பார்த்தார்.

"டேய் விசரா, தகப்பன்ரை பேரையே எழுதிக் குடுத்தனி?"

"ஓம் அண்ணை" என்றேன்.

மிஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஆர்தர் என் அப்பா. அவர் இங்கே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்" என்றார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கவுண்டருக்கு ஓடித் திருத்தச் சொன்னேன். மறுநாள் புது அட்டை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய், "மிஸ் பைதசீ" என்றேன். திரும்பவில்லை. அதற்குள் அவர் எந்தப் பெயருக்கும் திரும்பாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று மாலை உயிர் பிரிந்தது. கல்லறையில் பெயரைச் சரியாகத்தான் வெட்டுவித்தோம். அதை அவர் பார்க்கப்போவதில்லை.

அடுத்த வருட டிரெக்டரி அதே வாசலில் விழுந்தது. நடைபாதையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பைதசீ இருந்த இடத்தில் முந்திய பெயரும் பிந்திய பெயரும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

குணம் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது யார் வீட்டு வாசலிலும் டிரெக்டரி விழுவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் யாருடைய பெயரையாவது கூப்பிட்டு ஒருவரும் எழும்பாவிட்டால், எனக்கு இன்றைக்கும் இருக்கையில் இருக்க ஏலாது.