பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்கிய பெட்டி

அந்த வருடம் ஆண்டு விழாவில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கும்மியின் முதல் சரணத்தையே மூன்று தடவை ஆடினார்கள். பாட்டு சிடியில் ஓடியது. கரண்ட் போய்ப் போய் வந்தது. வரும்போதெல்லாம் சிடி வெட்கமில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. பிள்ளைகள் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கீபோர்டு ஆசைக்குக் கற்றுக்கொண்டது. மறுநாளே ஹெச்.எம். மேடத்திடம் போய், அடுத்த வருடம் கும்மிக்கு நானே வாசிக்கிறேன் என்றேன்.

"வாசிங்க டீச்சர். ஆனா சொதப்புனீங்கன்னா அப்பறம் என்னைக்கும் சிடிதான்" என்றார் மேடம்.

சிடியைப் போட்ட விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் பக்கத்தில் நின்று சிரித்தார். "கீபோர்டுல பட்டன அமுக்குனா தாளம் அதுவா வந்துட்டுப் போவுது. அதுல வாசிக்க என்ன டீச்சர் இருக்கு?"

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என் கீபோர்டில் தாளங்கள் நிறைய உண்டுதான். எல்லாம் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஆடுவதற்கு. கும்மிக்கு ஒன்றுகூட ஒத்துவராது. அதிலேயே இருக்கும் மேளச் சத்தத்தை வைத்துக்கொண்டு கும்மித் தாளத்தை நானே தட்டலாம். தட்டினால் பாட்டுக்கு ஒரு கைதான் மிச்சம்.

திருச்சியில் ஒரு கல்யாண வரவேற்பில் கிடார் வாசித்தவர் காலடியில் ஒரு பெட்டி வைத்திருந்தார். மிதித்தார், கொஞ்சம் வாசித்தார், மறுபடி மிதித்தார். வாசித்ததைப் பெட்டி திரும்பத் திரும்பப் பாட, அதன் மேல் அவர் வேறொன்றை வாசித்தார். லூப் பெடல் என்று பெயர் சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான்.

கீபோர்டைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் திருச்சிக்கு பஸ் ஏறினோம். அவருக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், கடை ஸ்டூலிலேயே தூங்கிவிட்டார்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவதில் ஏகப்பட்ட பட்டன்கள். விலையைக் கேட்டதும் தள்ளி வைத்தேன். இரண்டாவது எல்லாவற்றையும்விட மலிவு, பளபளவென்று இருந்தது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று கை துறுதுறுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன்.

"எதுக்குங்க செருப்பக் கழட்டுறீங்க?"

"மேடையில செருப்புக் காலோட நிக்க முடியாதுங்க."

மிதிக்கும் குமிழ் உள்ளங்காலைக் குத்தியது. பொறுத்துக்கொண்டு கும்மித் தாளத்தை வாசித்துப் பதித்தேன். நன்றாகவே ஓடியது.

"இப்ப பிளக்கப் பிடுங்குங்க" என்றேன்.

"ஏங்க மேடம்?"

"எங்க ஊர்ல கரண்ட் சொல்லிட்டுப் போவாதுங்க."

பிடுங்கினார். திரும்பச் செருகியபோது அந்தப் பளபளப்புக்கு ஒன்றுமே நினைவில்லை. இன்னொரு சிடி எனக்கு எதற்கு? மூன்றாவது, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்த பழைய பெட்டி. பெயிண்ட் உதிர்ந்திருந்தது. ஆனால் மிதிக்கும் இடம் அகலத் தகடு. பதித்ததைச் சேமிக்கவும் இதில் வழி இருந்தது. சேமித்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிச் செருகி மிதித்தேன். கும்மி அப்படியே வந்தது. கடைக்காரரே ஒரு தடவை பிடுங்கிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. தாளம் முடியும் இடத்தில் கால் ஒரு துளி பிந்தினாலும் சுற்றுக்குச் சுற்று நொண்டும். எத்தனையோ சாயங்காலங்கள் அது நொண்டியது, நான் அதைத் திட்டினேன். ஒரு வழியாகச் சுத்தமாக விழுந்த ஒன்றைச் சேமித்து, அதற்கே பிள்ளைகளை வாரக்கணக்கில் ஆடவைத்தேன்.

விழா அன்று சாயங்காலம் இரண்டாவது சரணத்தில் கரண்ட் போனது. மைதானம் முழுக்க இருட்டு. முன்வரிசையில் பி.டி. சாரின் தொண்டைச் செருமல் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், மேடையில் கைத்தட்டு நிற்கவில்லை. பாட்டில்லாமலே பிள்ளைகள் சுற்றிச் சுற்றிக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள், பழகிய அதே வேகத்தில்.

விளக்கு எரிந்தது. நான் வைத்திருந்த புல்லாங்குழல் ஓசையைக் கீபோர்டு மறந்துவிட்டிருந்தது. கையால் அதை மாற்றிக்கொண்டே பெட்டியின் மேல் வெறுங்காலை வைத்துக் காத்திருந்தேன். பிள்ளைகளின் அடுத்த தட்டு விழும்போது மிதித்தேன். தாளம் அவர்கள் கையோடு சேர்ந்து விழுந்தது. இம்மி பிசகவில்லை. இரண்டு கையாலும் இரண்டாவது சரணத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

மேடையை விட்டு இறங்கியபோது பி.டி. சார் காத்திருந்தார். பார்வை என் கையிலிருந்த பெட்டி மேல் இருந்தது.

"டீச்சர், அடுத்த வருஷம் நம்ம பசங்க ட்ரில்லுக்கும் இதுல ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

"பட்டன அமுக்குனா அதுவா வருமே சார்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.