அசையாத பச்சைக் கோடு

காலையில் மகளின் லேப்டாப்பில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்ததும் என் நாக்கு தானாகவே பல் இல்லாத இடத்தைத் தடவியது. கல்லூரிப் பாடத்துக்காக அவள் வோல்டேஜ் கன்ட்ரோல்டு ஆசிலேட்டர் ஒன்றை வரைந்து சிமுலேஷனில் ஓட்டிக்கொண்டிருந்தாள். வோல்டேஜ் ஏறினால் அலை வேகமெடுக்கும், இறங்கினால் நிதானமாகும். ஸ்பீக்கரில் கொடுத்தால் கீச்சென்று ஏறி உர்ரென்று இறங்கும். இவளுக்கோ வெறும் நேர்க்கோடு.

பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில் எனக்கும் இதே கோடுதான் வந்தது. சேகர் என் பெஞ்ச்காரன். பாலக்கோட்டுப் பக்கம் அவர்களுடைய தக்காளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுகொண்டிருந்தன. காவல் நாயின் வயிற்றையே ஒன்று கிழித்துப் போட்டிருந்தது. ஒரே மாதிரி கத்தும் சைரன் பன்றிக்கு மூன்றே நாளில் பழகிவிடும். அதனால் இதே சர்க்யூட்டை வைத்து சுதி மாறும் சைரன் செய்யப் புறப்பட்டோம். அவன் அப்பா என்னிடம் சொன்னார்: "மிசினு சீக்கிரம் வந்தா சரி கண்ணு. இல்லாட்டி நான் அவுட்டுக்காய்தான் வெக்கணும்." தீனிக்குள் வெடிமருந்தை வைத்து உருட்டுவது அது, கடித்த பன்றியின் வாய் சிதறும்.

கம்ப்யூட்டரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு. சர்க்யூட்டை அதில் வரைந்து ஆறு நாள் ஓட்டியும் கோடு அசையவில்லை. பாகங்கள் எல்லாம் வாங்கித் தயாராக இருந்தன.

"சும்மா சால்டர் பண்ணிப் பாக்கலாம்டா," என்றான் சேகர்.

"கம்ப்யூட்டரே ஓடாதுங்குது. வுடு," என்றேன்.

அந்த வாரமே அவன் அப்பா அவுட்டுக்காய் உருட்டினார். கையிலேயே வெடித்தது. மூன்று விரல்களைத் தக்காளிச் செடிகளுக்குள் தேடி எடுத்தவன் சேகர். மறுநாள் ரத்தக்கறைச் சட்டையும் மருந்து நாற்றமுமாக லேபுக்கு வந்தவன், இரும்பு ஸ்டூலைத் தூக்கி என் முகத்தில் அடித்தான்.

"ஓடாதுன்னியேடா! எங்கப்பன் கை போச்சுடா!"

பல் போன ஆத்திரத்தில் நான் மேஜையில் சூடாகிக் கிடந்த சால்டரிங் அயர்னை எடுத்து அவன் தோளில் அழுத்தினேன். சதை பொசுங்கியது. நான் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் இருபத்தைந்து வருஷமாக நினைத்திருந்தேன்.

"மாறி மாறி ஓட வேண்டிய ரெண்டு டிரான்சிஸ்டரும் கம்ப்யூட்டர்ல அச்சு அசல் ஒண்ணுப்பா. எது முந்தறதுன்னு தெரியாம அப்படியே நிக்கும்," என்று சொல்லி, மகள் ஒரு முனைக்கு மட்டும் துளி வோல்டேஜ் கொடுத்தாள். கோடு துள்ளி அலையானது.

"நெஜத்துல?" என்று கேட்டேன்.

"கடையில வாங்கறது ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கும்? தானா ஓடும்."

இப்போது அந்தத் தோட்டம் வீட்டு மனையாகிவிட்டது. பன்றிகள் இல்லை. கடைசிவரை இடது கையால் சாப்பிட்டு அவன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் சேகர் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவனிடம் போய், நீ சொன்னபடி சால்டர் பண்ணியிருந்தால் ஓடியிருக்கும் என்று எந்த வாயால் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.