தினகரனின் மூக்கு

செவிலிமேட்டுத் தினகரனின் பட்டறையில் வண்டி விட்டவர் எவரும், சீட்டில் ஒரு பொத்தல் விழுந்தது என்று குறை சொன்னதில்லை. வெல்டிங் பொறி பொல்லாதது. கடுகளவு இருந்துகொண்டு வண்டியையே தின்றுவிடும். அதனால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவான், சீட்டுகளை இறக்குவான், கண்ணாடியிலிருந்து டேஷ்போர்டு வரை ஈரச் சாக்கால் மூடுவான். வேலை முடிந்ததும் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி உள்ளேயே உட்கார்ந்திருப்பான். சாக்குக்கு டிமிக்கி கொடுத்த பொறி எங்காவது தரைவிரிப்புப் பஞ்சுக்குள் கனன்றால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கொரோனாவில் ஆள் பிழைத்தான், மூக்கு பிழைக்கவில்லை. மீன்குழம்பும் வெந்நீரும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்குச் செத்த வெல்டரிடம் எவன் வண்டி விடுவான்?

அன்றிலிருந்து மனைவி காவேரிதான் கீரை ஆய்ந்துகொண்டே வண்டிக்குள் உட்கார்ந்து மோப்பம் பார்ப்பாள். அப்படி மூன்று வண்டிகளைக் காப்பாற்றியவள் அவள்.

அம்மா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "நான் வர்ற வரிக்கும் வெல்டிங் எடுக்காதய்யா. அப்டியே எட்த்தாலும், வண்டிக்காரங்க கிட்ட உண்மைய சொல்லி மோந்து பாக்கச் சொல்லு. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருக்க?"

"சரிம்மா, போய்ட்டு வா."

மறுநாள் காலை சின்ன காஞ்சிபுரம் ஸௌந்தரராஜன் வாத்தியார், மனைவி மரகதவல்லியோடு பழைய வேனில் வந்து இறங்கினார். பின்சக்கரத்துக்கு மேலே தகடு துருவேறி ஓட்டை. மத்தியானத்துக்குள் வந்தவாசிக் கல்யாணத்துக்குப் போயாக வேண்டுமாம். பன்னிரண்டு வருஷ வாடிக்கை, முடியாது என்று சொல்ல தினகரனுக்கு நாக்கு எழவில்லை. வேலையை முறையாகத்தான் செய்தான். தண்ணீர் தெளித்தான், கையால் தடவிப் பார்த்தான், அரைமணி காத்திருந்து சீட்டுகளை மாட்டினான்.

ஏறி உட்கார்ந்த வாத்தியார் முகம் சுளித்தார். "ஏதோ தீயற வாசனை வரதேப்பா?"

சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். மாறாகத் தலையை உள்ளே விட்டு, பழைய தோரணையில் இரண்டு தடவை மூச்சை இழுத்தான்.

"ஒண்ணும் இல்ல சார். புதுசா பத்தவெச்ச தகடு, கொஞ்ச நேரம் அப்டித்தான் இருக்கும்."

பாலாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே வேன் பற்றிக்கொண்டது. சேதி கேட்டு விழுந்தடித்து ஓடினான். வேனின் பின்பக்கம் கரிக்கூடாக நின்றது. மரகதவல்லியை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புடவை காலோடு ஒட்டியிருந்தது. அவளை வெளியே இழுத்ததில் வாத்தியாரின் இரண்டு கையும் வெந்திருந்தன.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"புகையறது, புகையறதுன்னு இவ ரெண்டு தரம் சொன்னாப்பா. தினகரனே மோந்து பாத்துட்டான், பேசாம வாடின்னேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வாசன தெரியாது சார்" என்றான் தினகரன். அதற்குள் வாத்தியாரையும் ஏற்றி ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.