பின்னிருக்கை காலியாக ஓடிய வருடம்

ஆடிக் காற்று தெமோதரைப் பக்கத்து மானாப்புல் மேடுகளைப் படுக்கவைத்துச் சீவிக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்த பைக்கை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். பண்டாரவளையில் பழைய வண்டி விற்கும் முஸ்லிம் நானா, அதன் டேங்கை மாட்டின் கழுத்தைப் போலத் தட்டிக் காட்டியிருந்தார்.

“பெரிசுமில்ல, சின்னதுமில்ல தம்பி. நடுவால போற சாமான். ஒங்கட தோட்டத்து ஏத்தத்துக்கும் இழுக்கும், கீழ மொனராகலைக்கும் ஓடும். பார்ட்ஸ் பதுளையிலேயே எடுக்கலாம். வேற என்ன வேணும்?”

வேறு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் மனைவி பின்னால் உட்கார்ந்து வரவேண்டும். சந்தைக்கு, கோயிலுக்கு, பேர் தெரியாத வளைவுகளுக்கு. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போனதெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டுதான்.

அவள் ஏறவில்லை.

காரணம் அதன் சத்தம். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கனத்த சத்தத்தோடு வருகிறவர் ஒருவர்தான்: சின்னத்துரை என்று எல்லோரும் சொல்லும் உதவி மேனேஜர். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பிய பிறகு, கொழுந்து பறிக்கும் மலை ஒவ்வொன்றுக்கும் பைக்கில் வருவார். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே பெண்கள் பேச்சை விழுங்குவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போடுவார். காது கேட்கும், கால் தானாக நிமிரும்.

நான் வந்த அன்றும் மலை முழுக்க எழுந்து நின்றது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி அதை அப்படியே செடியடியில் கொட்டிவிட்டு எழுந்தாள். பக்கத்திலேயே, கூடையைத் தேடியபடி, என் மனைவியும் எழுந்தாள்.

இரவுச் சோறு போடும்போது சொன்னாள்: “கட்டுன புருஷனுக்கு எந்திரிச்சு நின்னேன். கங்காணி சலாம் வேற போடுறாரு. நீங்க கையத் தூக்கி வாங்கிக்கிட்டீங்க.”

“டாட்டா காட்டினேன், புள்ள.”

“அத தொரையும் அப்படித்தான் காட்டுவாரு.”

“பழகிரும்.”

“பழகட்டும். அதுவரைக்கும் நான் ஏறமாட்டேன். என் கூட்டாளிங்க எந்திரிச்சு நிப்பாங்க, நான் தொரைசானி மாதிரி ஒக்காந்து போறதா?”

அந்த வருடத்தைத் தனியாகவே ஓட்டினேன். பதுளை அச்சகத்துக்கு வேலைக்குப் போய்வரும் பாதைதான்; ஆனாலும் ஒரே பாதையில் இரண்டு முறை போனதாக நினைவில்லை. ஐப்பசி மழையில் ரோடு கறுத்துப் பளபளக்கும். ஓரத்துக் காட்டுச் சூரியகாந்திகள் மஞ்சளாகச் சாய்ந்து முழங்காலைத் தடவும். தை மாதத்தில் மூடுபனி. முன்விளக்கு பாலுக்குள் விட்ட விரல்போல இரண்டு முழம் போய்க் கரைந்துவிடும்; மீதியை நானும் பைக்கும் நினைவிலிருந்து ஓட்டுவோம். பங்குனியில் மத்தியானம்வரை வெயில், பிறகு திடீரென்று வானம் இடிந்து விழும். யாரோ ஒருவரின் கடை ஓரத்தில், முகம் தெரியாத ஏழெட்டுப் பேரோடு, ஈரச் சட்டையும் பிளேன்டீயுமாக நிற்பேன்.

சில ஞாயிறுகளில் பசறை வழியாக மொனராகலைக்கு இறங்குவேன். வேலை ஒன்றும் கிடையாது. வளைவுக்கு வளைவு குளிர் கழன்று விழும், ரப்பர் மரங்களின் நிழல் வந்து முகத்தில் படும். ஸ்வெட்டரை அவிழ்த்துப் பின்னிருக்கையில் கட்டிவைப்பேன். அது கைகளை வீசி ஆடிக்கொண்டே வரும். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் யாரோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதனிடம் பேசியும் இருக்கிறேன். “இந்தா பாரு, கரும்புத் தோட்டம் வந்திருச்சு.”

அவளை ஏற்றுவதற்கு என்னென்னவோ செய்தேன். மலையை நெருங்கும்போது ஹெல்மட்டுக்குள்ளிருந்து, “நான்தான்! ஒக்காருங்க!” என்று கத்தினேன். “சின்ன தொரையும் அப்படித்தாண்ணே, என்னமோ கத்துவாரு,” என்றார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, அச்சகம் அரைநாளோடு மூடியதும், மேல் ரோட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் சும்மா உருண்டு வந்தேன். அவ்வளவு கனமும் சத்தமில்லாமல் தேயிலைக்குள் மிதந்து இறங்கியது. சருகு நொறுங்குவது கேட்டது, ஒரு குருவி கேட்டது, பெண்களின் கதை கேட்டது. யாரும் எழவில்லை. சந்தோஷத்தில் அவர்கள் நடுவில் போய் நின்றேன். ஒருத்தி கூடையோடு தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்தாள்.

“பேய் மாதிரியா வர்றது? சத்தத்தோடயே வாங்கண்ணே! எந்திரிச்சாவது நிப்போம். இப்ப உசுரே போயிருச்சு!”

என் மனைவி சிரித்தாள். ஏறமட்டும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் கீழ்ப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு நாள், அவளுடைய தங்கைக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அன்று பாதையில்லாததால் நானும் வீட்டில்தான் இருந்தேன். மேலே, மலைகளுக்கு நடுவே போகும் தோட்டத்து ரோட்டில், அவசரமென்றால், சுற்றிக்கொண்டு பைக் மட்டும் நுழைந்து போகலாம். செய்தி கேட்டுக் கங்காணியிடம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, சேலை மாற்றி, வாசலில் நின்று பைக்கையே பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பைக் ஒரு அங்குலம் அமிழ்ந்தது. ஒரு வருடம் முழுக்க நான் காத்திருந்த கனம்.

தூறலுக்குள் ஏற்றம் ஏறினோம். அவள் கன்னம் என் முதுகில் இருந்தது. முதல் வளைவில் அவளுடைய கூட்டம் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தது. சத்தம் போய்ச் சேர்ந்ததும், மழைக்குக் கொங்காணி போட்ட தலைகள் ஒவ்வொன்றாக எழத் தொடங்கின.

“நிறுத்துங்க.”

“மழ புள்ள.”

“நிறுத்துங்கன்னா!”

நிறுத்தினேன். அவள் இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றி, நனைந்தபடி அவர்களிடம் நடந்தாள். “எதுக்குடி நிக்கிறீங்க? நாந்தான்டி! ஒக்காருங்கடி!”

“அட, தொரைசானியம்மா! சலாமுங்க!” என்றாள் ஒருத்தி. மலை முழுக்கச் சிரிப்பு புரண்டது. “எங்கடி போற, மினுக்கிக்கிட்டு?”

“தங்கச்சிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு.”

“அப்ப ஏன்டி இங்க நின்னு நனையிற? ஏறுடி!”

அவள் ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்துவிட்டுத்தான் வந்தாள். நான் ஸ்டார்ட் செய்தேன். இரண்டு பேர் கால்களை நீட்டியபடியே கையாட்டினார்கள். கங்காணி மட்டும் துண்டில் கைவைத்து, யோசித்து, விட்டுவிட்டார்.

“மேல இன்னும் ரெண்டு மலையில ஆளு இருக்காங்க,” என்றாள் என் காதருகே. “அங்கயும் நிறுத்தணும்.”

“புள்ளயப் பாக்க வேணாமா?”

“அது எங்க போயிரப்போகுது? மெதுவாப் போங்க.”

மெதுவாகப் போனேன்.